கொக்குக்கு ஏது பட்டா?

ஆவடியில் இரண்டு வகை டாங்க் உண்டு. ஒன்று, கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்கிறார்களே, அது. சுடும். இன்னொன்று, வெள்ளைக்காரன் ஏரிக்கு வைத்த பெயர். சுடாது. சொல்லப்போனால், அங்கே போய் யாரும் எதையும் சுடக் கூடாது. நான் எழுதப்போவது இரண்டாவது டாங்க்கைப் பற்றி. முதலாவதைப் பற்றி எழுதினால் ஆசிரியர் போட மாட்டார். போட்டால், என்னை விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள் வாசகர்களாக இருக்க மாட்டார்கள்!

எங்கள் பக்கம் ஏரிக்குப் பஞ்சமில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லி தாண்டினால் செம்பரம்பாக்கம். இவற்றில் பாதியை நாங்கள் ஷேர் ஆட்டோ நிற்கும் இடமாகத்தான் அறிவோம். பக்கத்து வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷமாக ஏரிக்கரையில் வாக்கிங் போகிறார். "அங்கே என்னென்ன பறவை சார் வருது?" என்று கேட்டேன். "கொக்குதான்" என்றார். வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா. சென்னைக்காரனுக்கு மூன்றாவது பறவை கிடையாது. (சிக்கனைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

நானும் அந்த ஜாதிதான். என்னை வேடந்தாங்கலுக்கு அனுப்பி வைத்தது பறவைப் பாசம் இல்லை. நாற்பதாயிரம் ரூபாய் கைமாத்து.

விஷயம் இதுதான். திருநின்றவூருக்கு அப்பால் ஒரு சின்ன ஏரி. அதன் ஆயக்கட்டில் என் பெரியப்பாவுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் நஞ்சை. அதே அளவு என் அப்பாவுக்கும் இருந்தது. அப்பா 1994-ல் தன் பங்கை விற்று அம்பத்தூரில் வீடு கட்டினார். மிச்சத்தில் பிற்பாடு என்னை பி.காம். படிக்க வைத்தார். ஆக, நான் ஒன்றே முக்கால் ஏக்கர் நெல்லைச் சாப்பிட்டுவிட்டு டெபிட், கிரெடிட் கற்றவன். பெரியப்பா விற்கவில்லை. எழுபத்தாறு வயதில் இன்னும் சம்பாவும் நவரையும் போட்டுக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் மனைக்கல் நட்டாகிவிட்டது. புரோக்கர் மூன்று தடவை வந்து மோர் குடித்துவிட்டுப் போனார். நாலாவது தடவை அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறான். (எங்கள் ஊரில் எஸ்டேட் என்றால் தேயிலை இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை.) ஒருநாள் போன் பண்ணினான்.

"டேய், நீ எழுதறவன். நாலு வார்த்தை நல்லாப் பேசுவே. அப்பாவை எப்படியாவது கரைச்சுடு. நீ வாங்கின நாப்பதாயிரத்தை நான் மறந்துடறேன்."

எழுதி நாற்பதாயிரம் சம்பாதிக்க எனக்கு எத்தனை வாரம் ஆகும் என்று இந்தப் பத்திரிகையின் கணக்குப் பிரிவுக்குத் தெரியும். ஒப்புக்கொண்டேன்.

சந்தர்ப்பமும் தானாக வாய்த்தது. பெரியம்மா பிறந்த ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில். அவர் தம்பி வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. கார்த்திகைக் கடைசி. பெரியம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு பெரியப்பா மச்சான் வீட்டுப் பக்கம் போகவேயில்லை. இந்தத் தடவை போகிறேன் என்றார். அண்ணன் காரைக் கொடுத்தான். பெட்ரோலும் போட்டான். முழு டாங்க்! (இது மூன்றாவது வகை.)

பட்டாபிராம் பக்கம் வெளிவட்டச் சாலையில் ஏறினோம். பெரியப்பா முன் சீட்டில். மடியில் மஞ்சப்பை, அதற்குள் குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு. பூந்தமல்லிப் பக்கம் வரும்போது நான் பேச்சை ஆரம்பித்தேன். பூந்தமல்லியில் ஒரு காலத்தில் பூ இருந்தது என்பதற்கு ஊர்ப்பெயரே சாட்சி. பூவிருந்தவல்லி. இப்போது மெட்ரோ தூண் இருக்கிறது. இதைச் சொல்லி, காலம் மாறுகிறது, நாமும் மாறவேண்டும் என்ற ரீதியில் ஒரு முன்னுரை கொடுத்தேன். பிறகு நேரே கேட்டேன்.

"பெரியப்பா, அந்த நிலத்துல வருஷத்துக்கு என்னதான் வருது?"

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார்.

"கொக்கு வருது" என்றார்.

வண்டலூர் வரை நான் பேசவில்லை.

செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். நாங்கள் திரும்பவில்லை. "முதல்ல மதுராந்தகம் போ. ராமரைப் பார்த்துட்டுப் போகலாம்" என்றார். பெரியம்மா எப்போதும் அப்படித்தான் போவாராம்.

மதுராந்தகத்து ராமருக்குப் பெயரே ஏரி காத்த ராமர். கதை உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி காலத்தில் லயனல் பிளேஸ் என்று ஒரு துரை. 1790-களில் செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டர். மதுராந்தகம் ஏரிக்கரை மழைக்காலத்தில் உடைந்து உடைந்து அவருடைய பிராணனை வாங்கியது. கோயிலில் தாயாருக்குச் சந்நிதி கட்ட உதவுங்கள் என்று பட்டர்கள் கேட்டார்கள். "உங்கள் ராமர் ஏரியைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன்" என்றாராம் துரை. அந்த வருஷம் பேய்மழை. ராத்திரி குடையோடு கரையைப் பார்க்கப் போனவர், வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்பதைப் பார்த்தார். கரை உடையவில்லை. சந்நிதி எழும்பியது. தாயார் சந்நிதியில் துரையின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது.

நம்புகிறவர்கள் நம்பலாம். நான் கணக்குப் படித்தவன். கலெக்டர் எதற்கு நடுராத்திரியில் குடை பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார் என்றுதான் எனக்கு யோசனை போயிற்று. ஏரி உடைந்தால் நெல் இல்லை. நெல் இல்லையென்றால் வரி இல்லை. வரி இல்லையென்றால் துரையைக் கம்பெனி கேள்வி கேட்கும். ராமர் ஏரியைக் காத்தார். துரை ரெவின்யூவைக் காத்தார். இரண்டும் ஒரே கரையில் நடந்தது.

இதே துரைக்கு வேடந்தாங்கலிலும் ஒரு வேலை இருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

வேடந்தாங்கல் என்றால் வேடர்கள் தங்கின இடம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். பெயரே அப்படி. வேட்டைக்கு வந்த பெரிய மனிதர்களும் பிறகு துப்பாக்கியோடு வந்த கம்பெனி சிப்பாய்களும் ஏரியில் கூடு கட்டின பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக்குப் போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். "ஐயோ பாவம் பறவை" என்று அவர்கள் அழுததாகத் தெரியவில்லை. இந்தப் பறவை இருந்தால்தான் எங்களுக்கு விளைச்சல் என்பதுதான் அவர்கள் கட்சி. விளைச்சல் என்றதும் துரைக்குக் காது திறந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் சர்க்கார் கொடுக்கும் உறுதிச் சீட்டு. ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1858-ல் அப்போதிருந்த கலெக்டரிடம் போய் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்தது 1872-ல். உலகம் அதைப் பெரிதாகச் சொல்கிறது. அதற்கு எழுபது வருஷத்துக்கு மேல் முன்னாடியே நம்ம ஊர்க் குடியானவர் நாரைக்குப் பட்டா வாங்கிக் கொடுத்துவிட்டார். நாம் அதை ஆறாம் வகுப்புப் பிக்னிக்கோடு மறந்துவிட்டோம்.

காதுகுத்து நன்றாக நடந்தது. குழந்தை அழுதது, பெரியவர்கள் சிரித்தார்கள், வடை சூடாக இருந்தது. சாப்பாட்டில் பெரியம்மாவின் தம்பி, எனக்கு மாமா முறை, என் இலையில் மூன்றாவது தடவை சாதம் போட்டார்.

"சாப்பிடு மாப்ளே. இது எச்சத் தண்ணியில விளைஞ்ச அரிசி."

கை அப்படியே நின்றுவிட்டது. மாமா சிரித்தார். "பயப்படாதே. வா, காட்டறேன்."

சாயங்காலம் நாலரைக்கு எங்கள் இருவரையும் ஏரிக்கு அழைத்துப் போனார். அந்த ஏரி அப்படி ஒன்றும் பெரியதில்லை. எழுபத்து நாலு ஏக்கர்தான். செம்பரம்பாக்கத்தின் பக்கத்தில் வைத்தால் குட்டை. தண்ணீருக்குள் இடுப்பளவு முங்கி நிற்கும் கடப்ப மரங்கள். ஒவ்வொரு மரமும் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருந்தது. கிட்டே போனால் வேட்டி நகர்கிறது!

மாமாவுக்குப் பறவை நூல் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் சொந்தக்காரர் மாதிரி அறிமுகப்படுத்தினார். நத்தைகுத்தி நாரை: அலகு நடுவில் இடைவெளி, பாக்குவெட்டி மாதிரி. வாயை முழுசாக மூட முடியாது (எங்கள் ஆபீஸில் முன்பு ஒருவர் இருந்தார்). பாம்புத்தாரா: உடம்பைத் தண்ணீருக்குள் ஒளித்து, கழுத்தை மட்டும் நீட்டி, பார்க்கிறவர்களுக்குப் பாம்பு என்று பீதி கிளப்பும். கரண்டிவாயன்: நிஜமாகவே சாம்பார்க் கரண்டி. அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், சாம்பல் நாரை, கூழைக்கடா. நான் முப்பத்தேழு வருஷமாக எல்லாவற்றையும் கொக்கு என்று ஒரே தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஆடிட்டர் பார்த்தால் கணக்கையே தூக்கி எறிவார்.

"இதுங்க காலையில கிளம்பும். அம்மாம்தூரம் போவும். நம்ம மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கமெல்லாம். வயல்லயும் ஏரியிலயும் நத்தை, நண்டு, மீனு, தவளைன்னு தின்னும். சாயங்காலம் இங்க வந்துடும். ராத்திரி பூரா மரத்து மேல. அப்புறம் என்ன... கீழ தண்ணிதானே?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பத்து ஊர்க் கிளைகளில் வசூல் பண்ணி, ராத்திரி தலைமை ஆபீஸில் டெபாசிட்!

அந்த டெபாசிட்டில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது. ஏரித் தண்ணீரே கரைத்த உரமாகிவிடுகிறது. டிசம்பர் ஜனவரியில் நவரைப் பட்டத்துக்கு மடையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீரும் உரமும் சேர்ந்தே போகிறது. யூரியா மூட்டைக்குக் கொடுக்கிற காசு குறைகிறது. அங்கே ஊர்க்காரர்கள் பறவையைக் காப்பாற்றுவது கருணையினால் மட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கணக்கும்தான். கருணைக்கு மூடு மாறும். கணக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது.

"அப்ப மத்த ஊர்க்காரனுக்கு நஷ்டமில்லையா மாமா? அவன் வயல்ல தின்னுட்டு இங்க வந்து..."

"அவனுக்கு என்ன நஷ்டம்? நத்தை நாத்தைக் கடிக்குது. நண்டு வரப்புல ஓட்டை போடுது, தண்ணி நிக்க மாட்டேங்குது. அதைத்தானே தின்னுது? ஆனா குருணை மருந்தை அள்ளிப் போட்டான்னு வெச்சுக்கோ, நத்தையும் போச்சு, நண்டும் போச்சு. நாரை எதைத் தின்னும்? மருந்து குடிச்ச நண்டைத் தின்னா நாரையும் போச்சு."

சரணாலயம் என்றால் வேலி, கேட், டிக்கெட் கவுன்டர் என்றுதான் என் மனதில் படம் இருந்தது. 1936-ல் இது சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை என்று அரசு அறிவித்தது. அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது காடு இல்லை சார். பட்டா நிலம். ஏர் ஓடுகிற, நாற்று நடுகிற, ஆடு மேய்கிற, காதுகுத்து நடக்கிற ஊர்கள். மாமாவின் வீடும் அதற்குள்தான். நான் மூன்று தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டதே சரணாலயத்துக்குள்ளேதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

2020-ல் அந்த எல்லையைச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. ஊர்க்காரர்கள், பறவை ஆர்வலர்கள், நீதிமன்றத்துக்குப் போனவர்கள் என்று பல பக்கமும் எதிர்ப்பு வர, யோசனை கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஒரு ஊர். 1971-ல் அங்கே போட்ட ஒப்பந்தத்தின் பேரில் உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளைப் பட்டியல் போடுகிறார்கள். பக்கத்திலேயே கரிக்கிலி என்று இன்னொரு பறவை ஏரி, அதுவும் அதே வருஷம் சேர்ந்தது. மாமாவிடம் ராம்சாரைச் சொன்னேன். "யாரு? ராம் சாரா? பாரஸ்ட் ஆபீசரா?" என்றார்.

இதைப் படித்துவிட்டு மாமா ஊரில் தேனும் பாலும் ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் முணுமுணுப்பு உண்டு. மழை குறைந்த வருஷத்தில் ஏரித் தண்ணீர் யாருக்கு? மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் பூனையும் நரியும் கூட்டுக்குப் போகாது. மடையைத் திறந்தால்தான் மாமாவின் நெல் கதிர் பிடிக்கும். "அவங்க மூடுன்றாங்க, நாங்க தொறன்றோம்" என்றார். மழையே இல்லாத வருஷம் இந்தச் சண்டையும் இல்லை. பறவை வராது.

மயில் விஷயத்தில் மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நாரை தின்னுது, திருப்பிக் குடுக்குது. மயிலு? வேர்க்கடலை விதைச்சா கிளறித் தின்னுட்டு டான்ஸ் ஆடிட்டுப் போவுது." 1963-லிருந்து தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு. தொட்டால் ஜெயில். நாரை வரவு, மயில் செலவு. இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சர்க்கார் இன்னும் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சில இடங்களில் மயிலுக்கு விஷம் வைத்த செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம் நாம் "ச்சே, என்ன மனுஷங்க!" என்போம். விஷம் வைப்பது குற்றம்தான். ஆனால் நம் சம்பளத்தில் மாசாமாசம் பத்து பர்சென்ட் ஒரு மயில் வந்து கொத்திக்கொண்டு போனால் நாம் ஆபீஸில் எப்படி நடந்துகொள்வோம் என்றும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

லாபம் கண்ணுக்குத் தெரியாத ஊரிலும் விட்டுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடி சரணாலயம் அங்கேதான். தீபாவளிக்கு ஊரில் வெடி கிடையாது. குஞ்சுகள் பயந்துவிடும் என்று பெரியவர்கள் வைத்த கட்டுப்பாடு. வெடி இல்லாத தீபாவளியை ஏழு வயசுப் பையன் ஒப்புக்கொள்கிற ஊர் அது! திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது. கீழே கோலம் போட்டால் மேலேயிருந்து ஒரு புள்ளி விழும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. அங்கேயும் கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலில் போடுவார்கள் என்பது வேறு விஷயம்.

நான் இப்படி நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவைக் காணோம்.

மடைக்குக் கீழே நாற்றங்கால் ஓரம் உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார். பிறகு சேற்றை விரலால் தேய்த்தார். துணிக்கடையில் பட்டுப்புடவையைத் தேய்த்துப் பார்ப்பது மாதிரி.

மாமா என் பக்கம் குனிந்து, "அக்கா ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போவறப்ப ஒரு கேன்ல இந்தத் தண்ணியை எடுத்துக்கிட்டுப் போவும். கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்தறதுக்கு. மச்சான் கிண்டல் பண்ணுவாரு" என்றார்.

பெரியப்பா எழுந்து வந்தார். "மச்சான், காலி கேன் ஏதாவது இருக்கா?"

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. பின் சீட்டில் ஐந்து லிட்டர் எச்சத் தண்ணீர் தளும்பிக்கொண்டு வந்தது. அண்ணன் காரில் லெமன் வாசனைக்கு ஒரு சின்ன பாட்டில் தொங்கும். அது அன்றைக்குத் தோற்றுப்போனது. நசரத்பேட்டையில் டீக்கு நிறுத்தினேன். நாற்பதாயிரம் ஞாபகம் வந்தது. கடைசியாக ஒரு முயற்சி.

"பெரியப்பா, அது வேற, நம்ம ஊர் வேற. அங்க சரணாலயம். நம்ம ஏரிக்கு என்ன வரப்போவுது? சுத்தி எல்லாம் வித்தாச்சு. நீங்க ஒருத்தர் மட்டும் வெச்சிருந்து என்ன ஆகப்போவுது?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தன் மட்டும்னுதான்டா வெச்சிருக்கேன். நம்ம ஏரிக்கு முன்னே நூறு பேர் ஆயக்கட்டு. மழைக்கு முன்னாடி ஊரே வரவுக் கால்வாய் வெட்டும். மடைக்கு நீர்க்கட்டின்னு ஒரு ஆளு. இப்ப நானும் இன்னும் ரெண்டு பேரும். கால்வாயில குப்பை விழுந்தா நாங்கதான் கத்தறோம். ராத்திரில லாரி வந்து சாக்கடை கொட்டினா நாங்கதான் போய் மறிக்கறோம். ஏன்? எங்க வயலுக்கு வர்ற தண்ணி. நாங்களும் வித்துட்டா அந்த ஏரியில பாசனம் இல்லைன்னு எழுதிடுவாங்க. பாசனம் இல்லாத ஏரி எதுக்குன்னு அடுத்தவன் கேப்பான். அப்புறம் பஸ் ஸ்டாண்டு, அப்புறம் பிளாட்டு. மழை வந்தா ஏரி பழைய எடத்தைத் தேடிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும். 2015-ல பார்க்கலையா?"

பார்த்தேன். அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் படகு வந்தது. நான் மொட்டை மாடியில் பிஸ்கெட் பாக்கெட்டுக்குக் கை நீட்டினேன்.

"ஏரின்னா அதை நம்பி நாலு பேர் சாப்பிடணும்டா. வேடந்தாங்கல்ல இருக்கறது அதான். இங்க பருத்திப்பட்டுல கம்பி போட்டு, வெளக்கு போட்டு, பார்க்கு கட்டினான். நல்லாத்தான் இருக்கு. நான் போயிருக்கேன்."

2019-ல் திறந்த பசுமைப் பூங்கா அது. நடுவில் தீவுகள், அதில் கூழைக்கடாக்கள். நானும் போயிருக்கிறேன். பாப்கார்ன் கிடைக்கும். ஏரி பிழைத்ததே பெரிது என்பது என் கட்சி. சாக்கடைக்குப் பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போன இடத்தில் இப்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அதைப் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா சர்க்கார் பணம் போட்டாத்தான் அந்த ஏரி. ஒரு வருஷம் போடாம விட்டா? வாக்கிங் போறவன் வேற எடத்துக்கு வாக்கிங் போவான். நான் எங்கடா போவேன்?"

பதில் இல்லை. டீக்குக் காசு நான் கொடுத்தேன். அன்றைய தினம் என்னால் ஆன ஒரே காரியம்.

வீட்டில் இறக்கிவிட்டதும் அவர் நேரே கேனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். கறிவேப்பிலைச் செடி இப்போது மரமாகிவிட்டது. பாதியை அங்கே ஊற்றினார். மீதியை மூடி வைத்தார். நாற்றங்காலுக்காம். ஒன்றே முக்கால் ஏக்கருக்கு இரண்டரை லிட்டர்! நான் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி அண்ணன் போன்.

"என்னடா, கரைஞ்சாரா?"

"கரைஞ்சது உண்மைதான். ஆனா அவர் இல்லை."

"அப்ப என் நாப்பதாயிரம்?"

"ஞாபகம் இருக்கட்டும்" என்றேன்.

புரோக்கர் சொன்னபடி தை பிறந்ததும் வந்தார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். மஞ்சள் கவரை மேஜை மேல் வைத்தார். "லேக் வியூன்னு போட்டாலே ஸ்கொயர் பீட்டுக்கு ஏத்தி விக்கலாம் பெரியவரே. ஏரி பக்கத்துலயே இருக்கறது உங்க அதிர்ஷ்டம்" என்றார். பெரியப்பா கவரைத் தொடவில்லை. "வித்தப்புறம் மடையை யார் தொறப்பாங்க?" என்று கேட்டார். புரோக்கர் என்னைப் பார்த்தார். பெரியவருக்கு ஏதாவது மறதியா என்கிற மாதிரி. "எந்த மடை சார்?" என்றார். இந்த வருஷம் நடவு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று பெரியப்பா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். நாலாவது மோர். புரோக்கரும் விடுகிற ஆள் இல்லை. அறுவடைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அண்ணன் அப்பாவோடு பத்து நாள் பேசவில்லை. அவனுக்கும் இரண்டு பெண்கள், வீட்டுக் கடன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் ஏற்கெனவே ஒன்றே முக்கால் ஏக்கர் சாப்பிட்டவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன். "ஆள் பத்தலை. நீ சும்மாதானே இருக்கே? வா" என்றார் பெரியப்பா. எழுதுகிறவனைப் பற்றி உலகத்துக்கு இருக்கும் அபிப்பிராயம் இது. போனேன். முழங்கால் சேற்றில் நின்று மூன்று மணி நேரம் நாற்று முடியை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். முதுகு இன்னும் வலிக்கிறது. பக்கத்து மனையில் நட்டிருந்த கல் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் அலகைப் பார்த்தேன். நடுவில் இடைவெளி.

"பெரியப்பா, நத்தைகுத்தி நாரை!" என்று கத்தினேன்.

"கத்தாதே. பறந்துடும். முடியை எடு" என்றார்.